மாடு கட்டும் முளையும் ஒரு ரகசிய சுவிட்சும்

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பால் வாங்கக் கீழே இறங்கினேன். வண்டி நின்ற கோலமே சரியில்லை. நான் எப்போதும் சுவரைப் பார்த்து நிறுத்துவேன். அது கேட்டைப் பார்த்து நின்றது. சைடு லாக் போட்டிருந்த ஹேண்டில் இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியது. ஹெட்லைட் கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு ஸ்க்ரூ டிரைவர். திருட வந்தவன் அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. என் சித்தப்பா 1994இல் வாங்கியது. 1985இல் ஆரம்பித்து 1996இல் இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இன்றைக்கும் சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் “பாஸ், குடுக்குறீங்களா?” என்று கேட்பார். நன்றாகப் புதுப்பித்த வண்டிக்கு லட்சத்தைத் தாண்டி விலை சொல்கிறார்கள். நூறு கிலோவை ஒட்டிய எடைதான். இரண்டு பேர் நினைத்தால் தூக்கிக் குட்டியானையில் ஏற்றிவிடலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், குரோம்பேட்டையில் வாடகை வீட்டின் மாடிப்படிக்கு அடியில், வெறும் சைடு லாக்கை நம்பிப் பல வருடம் நிறுத்தி வைத்திருந்தேன்.

அன்றைக்கு வண்டி தப்பியது என் சாமர்த்தியத்தால் இல்லை. அதன் முரட்டுக் குணத்தால். காலைக் குளிரில் சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இரண்டு உதை, பிறகு சோக்கைப் பாதி விட்டு மூன்றாவது உதை. இந்த வரிசை தெரியாதவன் உதைத்தால் பெட்ரோல் அடைத்துக்கொண்டு அடம் பிடிக்கும். போதாததற்குப் பெட்ரோல் காக்கையும் மூடி வைத்திருந்தேன். கார்புரேட்டரைச் சர்வீஸ் பண்ணச் சொல்லி மெக்கானிக் ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தார். பண்ணாதது நல்லதாகப் போயிற்று.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டேன். “வண்டி இருக்குல்ல?” என்று கேட்டார்கள். இருக்கிறது. “அப்புறம் என்ன, ஒரு நல்ல பூட்டா வாங்கிப் போடுங்க.” அதுவும் சரிதான். அந்த வார இறுதியில் ஆரம்பித்த வேலை மூன்று மாதம் இழுத்தது.

முதலில் அவன் என்ன செய்தான் என்று பார்த்தேன். சைடு லாக் என்பது ஒரு சின்ன இரும்புப் பின். சாவியைத் திருப்பும்போது அது வெளியே நீண்டு ஸ்டீயரிங் தண்டில் உள்ள பள்ளத்துக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான். பூட்டின் உடல் பெரும்பாலும் வார்ப்பு உலோகம். ஹேண்டில் நீளமான நெம்புகோல் இல்லையா? ஒரு முனையில் காலை வைத்து ஓங்கி ஓர் உதை விட்டால் பின் ஒடியும், இல்லை உடல் விரியும். எனக்கு இரண்டும் நடந்திருந்தது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இந்தப் பூட்டின் தத்துவம் ஏறக்குறைய ஒன்றுதான். விளையாட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவனைத் தடுக்கும், திருட வந்தவனைத் தடுக்காது.

ஹெட்லைட்டை ஏன் கழற்றினான் என்பதுதான் எனக்குப் புதிது. சாவியைப் போட்டால் கரண்ட் போகும், எடுத்தால் நிற்கும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இந்த வண்டியில் விஷயம் தலைகீழ். இதற்குப் பேட்டரியே இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டோ என்ற சின்ன டைனமோவில் உண்டாகும் மின்சாரம், ஸ்பார்க் கொடுக்கும் சிடிஐ பெட்டிக்கு நேராகப் போகிறது. அந்தப் பெட்டியிலிருந்து கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஓர் ஒயர் சாவி சுவிட்சுக்கு வருகிறது. சாவி ஆஃபில் இருக்கும்போது சுவிட்ச் அந்த ஒயரை எர்த்தோடு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு, சேர்த்துவிடும். அதனால் ஸ்பார்க் வராது. சாவி ஆன் ஆனால் ஒயர் தனியாக விடப்படும், ஸ்பார்க் வரும். அதாவது சாவியின் வேலை எஞ்சினை ஓட வைப்பதில்லை, ஓடவிடாமல் பிடித்து வைப்பது. சாவி சுவிட்சின் ஒயர்களைச் சேர்க்கும் கப்ளர் ஹெட்லைட்டுக்குள்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் பிடித்து வைக்க ஆளில்லை.

நம்பிக்கை வராமல் நானே கப்ளரைப் பிடுங்கிவிட்டு உதைத்துப் பார்த்தேன். நல்ல பிள்ளையாக மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இவ்வளவு சங்கடப்பட்டது அதுதான் முதல் தடவை.

சரி, முதல் வேலை சங்கிலி. தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் வெட்டித் தரும் சாதாரண இரும்புச் சங்கிலி இரண்டு மீட்டரும் ஒரு பித்தளைப் பூட்டும் வாங்கி வந்தேன். பார்க்கக் கனமாகத்தான் இருந்தது. மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, டூல் பெட்டியிலிருந்து ஓர் அரத்தை எடுத்து ஒரு வளையத்தின் மேல் நான்கு இழுப்பு இழுத்தார். பளபளவென்று பள்ளம் விழுந்தது, தூள் கொட்டியது. “தம்பி, இது ஊஞ்சலுக்குக் கட்டுற செயின். கட்டர் வச்சா முறுக்கு மாதிரி நொறுங்கும்.”

பாரிமுனைப் பக்கம் அலைந்து, கெட்டிப்படுத்திய எஃகில் செய்த 12 மி.மீ. தடிமனுள்ள சங்கிலி ஒன்றைப் பிடித்தேன். வளையம் உருண்டையாக இல்லாமல் சதுரப் பட்டையாக இருக்கும். கட்டரின் வாய் பிடிமானமில்லாமல் நழுவும். இந்த முறை அரத்தைப் பையில் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் முறைத்தார், பரவாயில்லை. வளையத்தின் மேல் தேய்த்தபோது அரம் கண்ணாடியில் வழுக்குவது போல் வழுக்கியது, கீறல் மட்டும்தான். சங்கிலி வாங்கப் போகிறவர்கள் டப்பாவில் போட்டிருக்கும் வாசகங்களைப் படிக்க வேண்டாம், இருபது ரூபாய் அரம் ஒன்றைக் கொண்டுபோனால் போதும். உறை, பூட்டு எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்கு மேல் வந்தது.

பூட்டில் ஒரு விஷயம். வளைவு அதிகம் வெளியே தெரியாத, தோள்பட்டை தூக்கிய வகையாகப் பார்த்து வாங்கினேன். கட்டரை நுழைக்கவே இடமிருக்காது. சாவித் துளைக்குள் எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டேன். எண்ணெயில் தூசி ஒட்டி மூன்றே மாதத்தில் சேறாகிவிடுகிறது. பென்சில் கரியைச் சீவி உள்ளே ஊதிவிட்டால் சாவி வெண்ணெய் மாதிரி திரும்பும்.

சங்கிலி வந்தாயிற்று, எதில் கட்டுவது? மாடிப்படிக்கு அடியில் தூணும் இல்லை, கம்பியும் இல்லை. வண்டியின் சக்கரத்தையும் சட்டத்தையும் மட்டும் சேர்த்துப் பூட்டினால், தூக்கிக்கொண்டு போய் நிதானமாக அறுத்துக்கொள்வார்கள். தரையில் ஒரு வளையம் வேண்டும்.

முதல் முயற்சி தோல்வி. ஓர் இரும்புத் தகட்டில் வளையத்தை வெல்டு பண்ணி, நான்கு மூலையிலும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டுத் தரையில் இறுக்கினேன். டிரில் போடும்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு இஞ்ச் வரைக்கும் சாம்பல் நிறத் தூள் வந்தது. அதன் பிறகு செங்கல் தூளும் மணலும். அதாவது மேலே மெல்லிய கான்கிரீட், கீழே கொட்டி நிரவிய மண். ஆங்கர் போல்ட் துளைக்குள் விரிந்து பக்கச் சுவரை அழுத்திப் பிடிக்கும் சாதனம். பிடிக்கச் சுவர் வேண்டுமே! கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பிப் பார்த்தேன். நான்கு போல்ட்டும் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்தன. திருடனுக்கு முன்னால் நானே சோதித்துப் பார்த்தது நல்லது.

ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் போய், பள்ளம் தோண்ட அனுமதி கேட்டேன். மாடிப்படியின் கடைசி மூலையில், டைல்ஸ் இல்லாத இடத்தில், ஓர் அடி சதுரம், ஒன்றரை அடி ஆழம்.

“எதுக்குப்பா?”

“இரும்பு வளையம் புதைக்கணும்மா. வண்டியைக் கட்ட.”

“முளை அடிச்சு மாடு கட்டுற மாதிரியா?”

“அதே மாதிரிதாம்மா.”

அவர் பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். உடனே ஆர்வம் வந்துவிட்டது. முளை ஆடாமல் இருக்க எந்தச் சாய்வில் அடிக்க வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கினார். போகும்போது சரிசெய்து கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதம்.

வளையத்துக்கு 20 மி.மீ. உருண்டைக் கம்பியை வெல்டிங் பட்டறையில் ‘ப’ வடிவில் வளைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு காலின் நுனியையும் வெளிப்புறமாக நான்கு இஞ்ச் மடக்கச் சொன்னேன். காலுக்குக் குறுக்கே இன்னொரு கம்பித் துண்டு வெல்டு. இவ்வளவும் கான்கிரீட்டுக்குள் போய்விட்டால், வளையத்தைப் பிடுங்க வேண்டுமென்றால் மொத்தக் கட்டியையும் பிடுங்க வேண்டும். முறுக்குக் கம்பி வேண்டாம் என்று பட்டறைக்காரரே சொன்னார். காய்ச்சி வளைத்தால் அதன் மேல்தோலின் உறுதி போய்விடுமாம்.

கலவை 1 : 1½ : 3. சிமெண்ட் ஒன்று, எம்சாண்ட் ஒன்றரை, முக்கால் இஞ்ச் ஜல்லி மூன்று. கணக்குப் போட்டால் இந்தப் பள்ளத்துக்குச் சிமெண்ட் 17 கிலோ போதும். ஆனால் மூட்டையாகத்தான் கிடைக்கும். மீதியில் ஓனர் அம்மாவின் துணி துவைக்கும் கல்லுக்குப் புது வாழ்வு கிடைத்தது. தண்ணீரை அளவாக ஊற்றினேன். கலவை கொழகொழவென்று இருந்தால் ஊற்றச் சுலபம், காய்ந்த பிறகு வலு இருக்காது. கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். முழு வலுவுக்கு 28 நாள். அதுவரை கட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இருபதாவது நாளே கட்டிவிட்டேன்.

வளையத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு குழிக்குள் வைத்தால் கால் தடுக்காது என்பது என் முதல் யோசனை. கொத்தனார் ஒருவரிடம் கேட்டேன். “மழைத் தண்ணி நிக்கும் சார். கொசு ஒழிப்புக்கு வர்றவங்க முதல்ல அதைத்தான் டார்ச் அடிச்சுப் பாப்பாங்க.” அதனால் ஒன்றரை இஞ்ச் மேலேயே துருத்திக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டேன். அதன் மேல் ஒரு ஜி.ஐ. பைப் துண்டை வளைக்கும்போதே தளர்வாகக் கோத்திருக்கிறேன். ஹாக்சா பிளேடை வைத்து அறுத்தால் பைப் சுற்றிச் சுற்றி வழுக்கும்.

இனி, கட்டும் விதம். முன்சக்கரத்தில் கட்டவே கூடாது. ஓர் ஆக்சில் நட்டைக் கழற்றினால் சக்கரம் உங்களுக்கு, வண்டி அவனுக்கு. பின்சக்கரத்துக்குள் நுழைத்து, அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்துச் சுற்றி வளையத்துக்குக் கொண்டுவருகிறேன். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. பூட்டும் தொங்கிக்கொண்டு இருக்க வேண்டும். தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி உடம்பின் எடையை முழுக்க மேலே போடலாம், உளியை வைத்துச் சம்மட்டியால் அடிக்கலாம். தொங்கினால் இரண்டும் சிரமம். பேட்டரி கிரைண்டர் கொண்டுவந்தால் எந்தச் சங்கிலியும் அறுபடும், அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தமும் தீப்பொறியும் மூன்று வீட்டை எழுப்பும்.

அடுத்தது சுவிட்ச். எனக்கு மிகவும் பிடித்த வேலை, மிகவும் அவமானப்பட்ட வேலையும் இதுதான்.

கருப்பு-வெள்ளை ஒயரைச் சிடிஐ பெட்டிக்குப் பக்கத்திலேயே பிடித்து, அதிலிருந்து ஒரு கிளை எடுத்தேன். அந்தக் கிளை ஒரு சின்ன டாகிள் சுவிட்சுக்குப் போகிறது, சுவிட்சின் மறுமுனை சட்டத்தில் எர்த். சுவிட்சைப் போட்டால் ஸ்பார்க் எர்த்துக்குப் போய்விடும். இப்போது ஹெட்லைட் கப்ளரைப் பிடுங்கினாலும், சாவியே வைத்திருந்தாலும் வண்டி கிளம்பாது. இன்னொரு வழியும் உண்டு: மேக்னெட்டோவிலிருந்து சிடிஐக்கு வரும் ஒயரையே நடுவில் வெட்டி சுவிட்ச் வைப்பது. திருடனுக்கு அது இன்னும் தொல்லை. ஆனால் அதில் சுவிட்ச் பழுதானால் எஞ்சின் நின்றுவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டியின் அதிர்வில் சுவிட்ச் கால் ஒடிவது சாதாரணம். லாரிக்கு முன்னால் எஞ்சின் நிற்பதைவிட வண்டி திருடு போவது மேல். என் முறையில் கிளை ஒயர் அறுந்தாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அறுந்தால் ஓடும். உரசினால்? அதை யோசிக்கவில்லை. மூன்றாவது வாரம், நல்ல மழையில் பல்லாவரம் மேம்பாலத்தின் உச்சியில் எஞ்சின் பொசுக்கென்று நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். ஓரமாகத் தள்ளி, நனைந்துகொண்டே நாற்பது உதை. வரவில்லை. இறக்கத்தில் உருட்டிக் கொண்டுபோய் ஒரு டீக்கடை வாசலில் டேங்கைக் கழற்றினேன். நான் இழுத்த ஒயர் டேங்க் ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கி, மேல்தோல் உரிந்து, செம்பு நேராகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. திருடனுக்கு வைத்த கண்ணியில் நானே விழுந்தேன்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். கிளை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு புல்லட் கனெக்டர். தகராறு என்றால் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டலாம். ஒயர் முழுக்கச் சுருங்கு டியூப், அதன் மேல் பழைய ஒயரிங்கோடு சேர்த்துக் கருப்பு டேப். புது டேப் பளபளவென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் கொஞ்சம் கிரீஸும் தூசியும் தடவினேன். சுவிட்ச் எங்கே என்று எழுதப் போவதில்லை. சீட்டுக்கு அடியில் இல்லை. அங்கேதான் எல்லாரும் முதலில் கை விடுவார்கள். சைலன்ஸர் சூடும் தண்ணீரும் படாத, குனியாமல் கை எட்டுகிற இடம். குனிந்து தேட வேண்டியிருந்தால் நான்கே நாளில் போடுவதை நிறுத்திவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

பெட்ரோலை இன்ஜெக்டரில் தெளிக்கும் இப்போதைய வண்டிகளில் இந்த வேலையைப் பார்க்காதீர்கள். அங்கே சாவி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ என்ற சின்னக் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் கொடுக்கிறது, கதையே வேறு. தெரியாமல் ஒயரை வெட்டினால் வாரண்டியும் போகும், ஈசியூவும் போகலாம்.

ஜிபிஎஸ் கருவியையும் யோசித்தேன். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் வகை, சும்மா நிற்கும்போது 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் அவர். என் வண்டியில் இருப்பது 2.5 ஆம்பியர் அவர் பேட்டரி. பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் பேட்டரி செத்திருக்கும். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு, பெரிய பேட்டரி உள்ள வண்டிக்கு, நல்ல சாதனம்தான். எனக்கு ஒத்துவரவில்லை.

வெளியே போகும்போது நாலு கிலோ சங்கிலியைச் சுமக்க முடியாது. எனக்கு முன்பக்கமும் டிரம் பிரேக் என்பதால் டிஸ்க் லாக் மாட்ட வழியில்லை. நீண்ட வளைவுள்ள பூட்டு ஒன்றை முன்சக்கர ரிம்மையும் ஃபோர்க் குழாயையும் சேர்த்துப் போடுகிறேன். ஸ்போக்கை வெட்டினாலும் பயனில்லை, பூட்டு ரிம்மைச் சுற்றி இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகிறவனை இது தடுக்காது; ஏறி உதைத்துக் கிளம்ப நினைப்பவனைத் தடுக்கும். கூட ரகசிய சுவிட்ச், பெட்ரோல் காக் ஆஃப். ஒரு தடவை தாம்பரத்தில் பூட்டை மறந்து கிளம்பி, ஓர் அடி நகர்ந்து, நான்கு ஸ்போக்கை வளைத்துக்கொண்டு மல்லாந்தேன். அன்றிலிருந்து பூட்டுப் போட்டதும் ஒரு சிவப்பு ரிப்பனை ஆக்சிலேட்டர் பிடியில் கட்டுகிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைக்கிறார்கள்.

ரயில் நிலைய ஸ்டாண்டில் விடும் நாட்களில் டோக்கனைப் பர்ஸில் வைப்பேன், வண்டியில் ஒருபோதும் இல்லை. தெருவில் என்றால் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிறுத்துவதில்லை. இட்லிக் கடைக்காரர் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்துவேன்.

காகித வேலையும் ஒன்று பாக்கி இருந்தது. பத்து வருடமாகத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான் கட்டிவந்தேன். அதில் திருட்டுக்கு ஒரு பைசா வராது. ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நாமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குச் சொன்ன தொகையைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. புது வண்டிக்காரர்கள் திருட்டும் சேர்ந்த பாலிசி எடுத்து, இரண்டு சாவியையும் பத்திரமாக வையுங்கள். க்ளெய்மின்போது இரண்டையும் கேட்பார்கள். நான் செய்தது: சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தேன். எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே. வண்டியின் கீறல், ஒட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஆர்.சி.யோடு சேர்த்து வைத்தேன். காணாமல் போனால் 112க்கு அழைத்துவிட்டு, இதையெல்லாம் எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையம்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இன்னும் எல்லாரும் ‘379 கேஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் திருட்டுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு.

சைடு லாக்கைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தேன். பழைய பூட்டின் உடைந்த பின் தண்டுக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. அதை எடுக்க ஃபோர்க்கைக் கழற்ற வேண்டும். பொங்கல் லீவில் பார்க்கலாம்.

இப்போதைக்கு வேறொரு பிரச்சினை. வளையத்தைப் பார்த்த மாடிவீட்டுக்காரர் தன் புல்லட்டையும் அதில் கட்ட ஆரம்பித்தார். அப்புறம் ஓனர் அம்மாவின் மருமகன் ஸ்கூட்டர். போன வாரம் ஓனர் அம்மாவே தன் பேரனின் சைக்கிளைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார், நல்ல கிராமத்து முடிச்சு. ராத்திரி கடைசியாக வருகிறவர் சங்கிலி மேலே விழுந்துவிடுகிறது. அதனால் காலை ஆறு மணிக்கு நான் பால் வாங்கப் போக வேண்டுமென்றால், முதலில் மாடியேறிப் போய் மூன்று பேரை எழுப்ப வேண்டியிருக்கிறது.